ஆர்க்கிட் பூவின் வாசனைக்கு ஆண் வண்டு மட்டும் வருவது ஏன்?

கேள்வி இது: "சில ஆர்க்கிட் பூக்களின் வாசனைக்கு ஆண் வண்டுகள் மட்டும் வந்து மகரந்தச் சேர்க்கை செய்கின்றன என்று படித்தேன். ஆணுக்கு மட்டும் அந்த வாசனை அவ்வளவு பிடிப்பது ஏன்? பெண் வண்டு வராதா? என் வீட்டு மாடியில் இருக்கும் ஆர்க்கிட்டுக்கும் வண்டு வருமா?"

'பிடிப்பது' என்று கேட்டிருக்கிறீர்கள், குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மல்லிகை நமக்குப் பிடிக்கிற மாதிரி அந்த வாசனை வண்டுக்குப் பிடித்துப்போய் அது வருவதில்லை. பெண் வண்டு எங்கோ பக்கத்தில் காத்திருக்கிறது என்று நினைத்து வருகிறது. பெண் வண்டுக்கு இன்னொரு பெண்ணின் வாசனையால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் அது வருவதில்லை. சுருக்கமான பதில் இவ்வளவுதான். ஆனால் விஷயம் இதைவிடச் சுவையானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'வண்டு' எது என்று தெளிவுபடுத்திவிடுகிறேன். தமிழில் பாட்டிலும் பேச்சிலும் பூவைச் சுற்றி ரீங்காரமிடும் வண்டு பெரும்பாலும் தேனீ வகை, அதிலும் மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் அந்தப் பெரிய கருவண்டு. இங்கே நாம் பேசும் வண்டு வேறு. பொன்வண்டு, சாணி உருட்டும் வண்டு, தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு போல, முன்சிறகு ஓடு மாதிரி கெட்டியாகி முதுகை மூடியிருக்கும் பூச்சி. இந்த வித்தியாசம் முக்கியம். ஆர்க்கிட்டிடம் ஏமாறும் தேனீயையும் குளவியையும் பற்றி நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். வண்டும் அப்படி ஏமாறும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியானது 2021ல்தான்.

விவசாயம் செய்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம், அவர்கள் 'இனக்கவர்ச்சிப் பொறி' பார்த்திருப்பார்கள். நான் முதலில் கற்றுக்கொண்டதும் அதில்தான், ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயலில். அந்தக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு பார்ப்பதற்கு எறும்பு மாதிரி இருக்கும். மெலிந்த உடல், நீலம் கலந்த கறுப்பு முதுகு, செங்கல் நிறக் கழுத்து, நீளம் 6 மில்லிமீட்டர் இருக்கும். பெண் வண்டு விடும் வாசனைப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்து, ஒரு சின்ன ரப்பர் மூடியில் ஊறவைத்து விற்கிறார்கள். எல்லோரும் அதை 'லூர்' என்பார்கள். ஒரு மில்லிகிராம் மருந்தே போதும். விவரம் தெரியாத வயதில் நான் அதை வெறுங்கையால் எடுத்து மாட்டிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்த பிறகு வரப்பில் நின்றால், சட்டை மேல் ஏழெட்டு வண்டுகள் மும்முரமாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. எடுத்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இந்த வண்டில் ஆண் பெண் பிரிப்பது எளிது. உணர்கொம்பின் கடைசிக் கணு ஆணுக்கு நீண்டு குச்சி போல இருக்கும், பெண்ணுக்குக் குட்டையாகக் கதாயுதம் போல உருண்டிருக்கும். என் சட்டையில் இருந்தவை அத்தனையும் ஆண்.

என் சட்டையில் பெண் வண்டின் வடிவமோ நிறமோ எதுவும் கிடையாது. இருந்தது வாசனை மட்டும், அதுவும் மனித மூக்குக்குத் தெரியாத அளவு. அவ்வளவு தூரம் இழுத்து வர அதுவே போதுமாக இருந்தது. ஆர்க்கிட் செய்வதும் இந்த வேலைதான், லூரைக் கடையில் வாங்காமல் தானே தயாரித்துக்கொள்கிறது.

சரி, பூவுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் கேப் மலைப் பகுதியில் டைசா ஃபோர்ஃபிகேரியா என்று ஒரு ஆர்க்கிட் இருக்கிறது. மிகமிக அரிது, கண்ணில் பட்டவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். பூ ஒரு பூச்சி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். இரண்டு இதழ்கள் உணர்கொம்பு மாதிரி நீண்டிருக்கும். கீழ் இதழில், ஆர்க்கிட்காரர்கள் உதடு என்று சொல்லும் இதழில், ரோமம் அடர்ந்த ஒரு பிளவு இருக்கும். கேலன் கோஹன், ஸ்டீவன் ஜான்சன் உள்ளிட்டோர் அடங்கிய குழு இந்தப் பூவுக்கு வரும் விருந்தாளியைக் கண்டுபிடித்தது. கோரோத்தைசி ஹெஸ்ஸெய் என்ற நீள்கொம்பு வண்டு. நம் ஊர் மாமரத்தைத் துளைத்துச் சாகடிக்கும் தண்டு துளைப்பான் இருக்கிறதே, அதே குடும்பம்.

வருவது ஆண் மட்டும். வந்து தேன் தேடுவதில்லை. உணர்கொம்பு போன்ற அந்த இதழ்களைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. அடிவயிற்றை வளைத்து ரோமப் பிளவுக்குள் செலுத்துகிறது. புணர்ச்சியின் எல்லாக் கட்டங்களும் நடக்கின்றன, கடைசியில் விந்தையும் விட்டுச் செல்கிறது. பூவில் உணவு தேடி வந்த வண்டு தற்செயலாக இப்படி நடந்துகொண்டது என்று சொல்ல வழியே இல்லை. இந்தக் கண்டுபிடிப்பின் பலமே அதுதான் என்பேன். இதற்கு முன்பும் வண்டுகளைப் பற்றிச் சாடையாகத் தகவல்கள் உண்டு. கிரீஸ் பக்கம் வளரும் ஓஃப்ரிஸ் ஆர்க்கிட்டில் ஒன்றுக்கு ஓஃப்ரிஸ் ப்ளிட்டோபெர்த்தா என்றே பெயர், ப்ளிட்டோபெர்த்தா என்பது அந்தப் பூவுக்கு வரும் வண்டின் பெயர். ஆனாலும் மறுப்புக்கு இடமில்லாத சாட்சி இந்தத் தென்னாப்பிரிக்க வண்டுதான்.

இனி வாசனை. இந்தத் துறையில் வாசனையைப் பிடிக்கும் முறையே வேடிக்கையானது. பூவை ஒரு பையால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை மெல்ல உறிஞ்சி, அதில் மிதக்கும் பொருட்களை ஒரு வடிகட்டியில் படியவைப்பார்கள். அந்தக் கலவையை இயந்திரத்தில் செலுத்தினால் அது ஒவ்வொரு பொருளாகப் பிரிந்து வெளியே வரும். நூறு பொருள் வந்தால் வண்டுக்குப் பொருட்படுவது எது என்று எப்படித் தெரியும்? வண்டின் உணர்கொம்பைத் தனியே எடுத்து, இரு முனையிலும் மின்கம்பி பொருத்தி, இயந்திரத்திலிருந்து வரும் காற்று அதன் மேல் படும்படி வைத்துவிடுவார்கள். சம்பந்தமில்லாத பொருள் கடந்தால் கோடு நேராகவே போகும். உரிய பொருள் தொட்டதும் கோடு வெட்டென்று துள்ளும். இந்த வேலைக்கு ஆண் பூச்சியின் உணர்கொம்பு நம்பகமான கருவி.

டைசா பூவின் வாசனையில் வண்டை இழுத்தது அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள். மேக்ரோலைடு என்ற வகை, அதாவது பெரிய வளையமாக மூடிக்கொண்ட மூலக்கூறு. முழுப் பெயர் (16எஸ்,9இசட்)-16-எத்தில் ஹெக்ஸாடெக்-9-ஈனோலைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வடிவத்தைப் பிரித்தால் சமையலறையில் பார்த்த முகம்தான். கடலை எண்ணெயில் நிறைய இருக்கும் ஒலியிக் அமிலம் 18 கார்பன் கோத்த ஒரு சங்கிலி, 9வது கார்பனில் ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்தச் சங்கிலியின் 16வது கார்பனில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, அதைத் தலைப்பக்கத்தோடு வளைத்துக் கட்டுங்கள். வளையமும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் வாலும் கிடைக்கும். அதுதான் இந்த மூலக்கூறு.

இதற்கு ஓர் உறவினர் நம்மிடம் உண்டு. கஸ்தூரி வெண்டை என்ற செடியின் விதையில் கஸ்தூரி மணம் வரக் காரணமான ஆம்பிரெட்டோலைடு. வளையத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றே, 17 அணுக்கள். இரட்டைப் பிணைப்பு இரண்டு இடம் தள்ளி இருக்கிறது, வால் இல்லை. அத்தர் செய்கிறவர்கள் தேடி வாங்கும் பொருளுக்கும் கேப் மலையில் ஒரு வண்டைக் கிறுக்குப் பிடிக்க வைக்கும் பொருளுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். பூச்சி உலகத்திலும் மேக்ரோலைடு புதிதில்லை, தானியக் கிடங்குகளில் திரியும் சில சின்ன வண்டுகள் ஒன்றையொன்று கூப்பிடுவது இந்த வகைப் பொருளால்தான். புதிதாகத் தெரிந்தது, ஒரு செடி இதை மகரந்தச் சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது என்பது.

ஆனால் ஏறக்குறைய அதே பொருளாக இருந்தால் போதாது. ஆய்வாளர்கள் இந்த மூலக்கூறைச் செயற்கையாகச் செய்து, சிற்சில மாற்றங்களோடும் வைத்துப் பார்த்தார்கள். வடிவம் பிசகினால் வண்டு வருவது கெட்டுவிடுகிறது, குறிப்பாக இடக்கை வலக்கை விஷயத்தில். இரண்டு கையிலும் விரல் ஐந்துதான், ஆனால் வலக்கை உறையை இடக்கையில் மாட்ட முடியாது. மூலக்கூறுகளிலும் அப்படி ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான ஜோடிகள் உண்டு. நம் மூக்கே அதைக் கண்டுபிடிக்கும். புதினாவின் வாசனை கார்வோன். சதகுப்பை விதையின் வாசனையும் கார்வோன்தான், கண்ணாடி பிம்பம் மட்டும். இரண்டையும் கசக்கி முகர்ந்து பாருங்கள், ஒன்று என்று சொல்லவே தோன்றாது.

வண்டுகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறார். ஜப்பானிய வண்டு என்ற பயிர்ப்பூச்சியின் பெண் விடும் வாசனையை 1977ல் கண்டுபிடித்தபோது இது நன்றாகத் தெரிந்தது. செயற்கையாகச் செய்த பொருளில் கண்ணாடி பிம்பம் கொஞ்சம் கலந்திருந்தாலே ஆண் வண்டுகள் வரத் தயங்கின, சரிபாதி கலந்திருந்தால் பொறி வைத்தும் பயனில்லை. பிறகு காரணம் புரிந்தது. ஜப்பானில் ஓசாகா வண்டு என்று இன்னொரு இனம் இருக்கிறது, அதன் பெண் விடுவது அதே மூலக்கூறின் கண்ணாடி பிம்பம். தப்பான வாசனை வந்தால் 'இது வேறு சாதி' என்று ஆண் திரும்பிப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு இனமும் வீணாகக் கலந்து அலையும். இந்த மாதிரிப் பூட்டுக்குள் ஒரு செடி சாவி போட்டிருக்கிறது என்றால் அதன் துல்லியத்தை யோசித்துப் பாருங்கள். செடிக்கு மூக்கில்லை, தான் செய்த வாசனையை அது முகர்ந்து சரிபார்க்கவும் முடியாது. வாசனை கொஞ்சம் சரியாக அமைந்த செடிக்கு நாலு வண்டு கூடுதலாக வந்தது, அதன் விதை கூடுதலாகப் பரவியது. தலைமுறை தலைமுறையாக வண்டே பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த வாசனை இது.

வாசனை வண்டைப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு மற்றவை வேலை செய்கின்றன. கிட்டே வந்ததும் பூவின் உருவம், உட்கார்ந்ததும் கடிப்பதற்கு இதழ், பிறகு ரோமம் எந்தத் திசையில் படுகிறது என்ற தொடு உணர்வு. வண்டு வயிற்றை வளைத்துத் தேடும் அந்த நேரத்தில்தான் மகரந்தம் ஒட்டுகிறது. ஆர்க்கிட்டின் மகரந்தம் பொடியாக உதிராது. உருண்டையாகத் திரண்டு, அடியில் பசை வைத்த ஒரு பொதியாக இருக்கும். வண்டின் உடம்பில் பட்டதும் பொதியாகவே ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆயிரக்கணக்கான விதைக்கு வேண்டிய மகரந்தம் ஒரே பயணத்தில் போகிறது. அது வேறு செடியின் பூவில் இறங்கினால் மொத்தமும் வீண். எனவே எல்லாப் பூவுக்கும் போகும் பத்துப் பூச்சிகளைவிட, இந்த ஒரு பூவை மட்டுமே தேடிப் போகும் பைத்தியக்காரன் ஒருவன் ஆர்க்கிட்டுக்கு லாபம். ஆண் வண்டு அப்படிப்பட்டவன். வயிறு நிறைந்த பூச்சி அடுத்த பூவுக்குப் போகாமல் ஓய்வெடுக்கலாம், பெண் கிடைக்காத ஆண் ஓய்வதில்லை.

இந்த ஏமாற்று வேலை முதலில் தெரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். டார்வினுக்கே ஓஃப்ரிஸ் பூவை ஒரு தேனீ தாக்குவதாகத் தகவல் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று தன்னால் ஊகிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான் என்பவர் 20 வருடம் போலப் பூக்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, குளவி செய்வது புணர்ச்சி முயற்சி என்று 1916ல் எழுதினார். ஆஸ்திரேலியாவில் எடித் கோல்மன் 1927ல், அந்த ஆய்வுகளைப் பார்க்காமலே, வேறொரு ஆர்க்கிட்டில் அதே முடிவுக்கு வந்தார். அவருக்கு முதலில் அதைக் காட்டியது அவருடைய மகள். பூ வெறும் உருவத்தால் ஏமாற்றவில்லை, ரசாயனத்தால் ஏமாற்றுகிறது என்பது தெளிவாக நிறுவப்பட்டது 1999ல். ஐரோப்பாவின் ஓஃப்ரிஸ் ஒன்று, பெண் தேனீயின் உடலில் பூசியிருக்கும் மெழுகுப் பொருட்களை அதே விகிதத்தில் தன் இதழில் வைத்திருப்பதை ஷீஸ்டல் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. அந்த மெழுகு எந்தச் செடியின் தோலிலும் ஈரம் காயாமல் காக்க இருப்பதுதான். கையில் இருந்த சரக்கை வைத்தே செடி கடையைத் திறந்துவிட்டது.

இதுவரை சொன்ன பழைய கதைகளில் தேனீயும் குளவியும்தானே வருகின்றன, வண்டு ஏன் இவ்வளவு தாமதம்? உலகில் பெயரிட்ட வண்டினங்களே ஏறத்தாழ நான்கு லட்சம் இருக்கையில் இது வியப்புதான். இதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. தேனீ, குளவி இனத்தில் பெண்ணுக்கு இணை கிடைக்காவிட்டாலும் முட்டையிடும், அந்த முட்டையிலிருந்து ஆண் மட்டும் பிறக்கும். ஆண் குளவி தன் விந்தைப் பூவில் வீணாக்கினால் பெண் குளவி ஆண் பிள்ளைகளைப் பெறும், அடுத்த வருடம் ஏமாற இன்னும் நிறைய ஆண்கள் இருப்பார்கள். ஆர்க்கிட்டுக்குக் கொண்டாட்டம். ஆஸ்திரேலிய ஆர்க்கிட்டுகளில் குளவி விந்து விடுவதை 2008ல் பதிவு செய்த கேஸ்கெட் குழு இந்த வாதத்தை வைத்தது. வண்டுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. ஆண் சேராவிட்டால் அந்தப் பெண்ணின் முட்டை பொரிக்காது. பூ அதிகமானால் வண்டு குறையும், வண்டு குறைந்தால் பூவும் குறையும். டைசா ஃபோர்ஃபிகேரியா இவ்வளவு அரிதாக இருப்பதை இதோடு முடிச்சுப் போட எனக்கு ஆசைதான், ஆனால் கேப் பகுதியில் அரிதான செடிக்குப் பஞ்சமில்லை என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

வண்டு வரும் ஆர்க்கிட் எல்லாம் இப்படி மோசடி செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே தென்னாப்பிரிக்காவில் யூலோஃபியா ஃபோலியோசா என்ற ஆர்க்கிட்டுக்கு, முதுகில் விழுந்தால் 'டக்' என்று துள்ளி எழும் சொடுக்கு வண்டுகள் வருகின்றன. செரட்டாண்ட்ரா கிராண்டிஃப்ளோராவுக்கு ரோமம் அடர்ந்த சின்ன வண்டுகள் வருகின்றன. அந்தச் சின்ன வண்டுக் கூட்டத்துக்குப் பூ என்பது மேயவும் ஜோடி சேரவும் ஒரு சந்தை மாதிரி, உண்மையான பெண்ணும் அங்கே இருக்கும். ஆணும் பெண்ணும் வந்தால் அது உணவு வாசனையோ சந்தையோதான். ஆண் மட்டும் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்படிச் சந்தேகப்பட வைத்த இன்னொரு பூ ஜப்பானின் ஒகினாவாவில் இருக்கிறது. லூயிசியா டெரெஸ் என்ற ஆர்க்கிட், மரத்தில் தொற்றி வளர்வது. அதற்கு வருவது பளபளக்கும் ஒரு பூவண்டின் ஆண்கள் மட்டும் என்று 2016ல் பதிவாகியிருக்கிறது. இந்த லூயிசியாவின் சொந்தக்காரர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். இலை தட்டையாக இருக்காது, பென்சில் போல உருண்டிருக்கும். பூ சின்னது, மஞ்சள் கலந்த பச்சை. நடுவில் கருஞ்சிவப்பு உதடு மட்டும் தடித்துப் பளபளவென்று, ஒரு வண்டு இலையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். ஏற்காட்டுப் பக்கம் போனால் அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, இலை உருண்ட ஆர்க்கிட் எது என்று கேட்டுப் பாருங்கள். பூத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறம் உங்கள் மாடி. நர்சரியில் வாங்கியது பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ் அல்லது டென்ட்ரோபியம் கலப்பினமாக இருக்கும். அவற்றின் மூதாதையர் யாரை ஏமாற்றிப் பிழைத்தார்களோ அந்தப் பூச்சி உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பில்லை. நிறத்துக்கும் அளவுக்கும் கலந்து கலந்து வளர்த்ததில் பழைய வாசனையும் மிச்சமிருக்காது. வண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பூ ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் நிற்பதே யாரும் வரவில்லை என்பதால்தான், மகரந்தம் சேர்ந்தால் சில நாளில் சுருங்கிவிடும்.

விதை பார்க்க ஆசையாக இருந்தால் நீங்களே வண்டாகிவிடுங்கள். பல்குச்சி ஒன்றை எடுத்து, பூவின் நடுவில் இருக்கும் தூணின் நுனியில் உள்ள வெள்ளைத் தொப்பியை மெல்லக் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். தொப்பி கழன்று, மஞ்சள் முத்து போல மகரந்த உருண்டைகள் குச்சியில் ஒட்டி வரும். ஃபெலனாப்சிஸ் என்றால் இரண்டு. அதை அதே தூணின் கீழ்ப்பக்கத்தில் பசையாகப் பளபளக்கும் குழியில் வைத்து அழுத்துங்கள், முடிந்தால் வேறொரு செடியின் பூவில். காய் முற்றப் பல மாதம் ஆகும். வெடிக்கும்போது பவுடர் டப்பாவைத் தட்டியது மாதிரி விதை பறக்கும், மின்விசிறியை அணைத்துவிட்டுத் திறங்கள்.